வசந்தா கேட்ட சவுரி

கண்ணு,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. நாலாக மடித்து, திருவொற்றியூர்ப் பக்கம் கூடை எடுத்துப் போகிற மீன்காரப் பெண்கள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். நம் சந்தில் கதவுக்கு உள்ளே நடந்ததையெல்லாம் உள்ளேயே வைத்து மூடியதில் யாருக்கும் ஒரு நன்மையும் வந்ததில்லை. நேரில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நேரில் நான் வாயைத் திறந்தால் நீ சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாய். காகிதத்தோடு கோபித்துக்கொண்டு எங்கே போவாய்? கிழித்துப் போட்டால் இன்னொன்று எழுதுவேன். எட்டாம் வகுப்புவரை என்னை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது இதற்காவது ஆகட்டும்.

விஷயம் இதுதான். போன வாரம் செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டு வேளைக்கு உன் பெண்சாதி வசந்தா இராயபுரம் வந்தாள். மார்க்கெட்டுக்கு வந்ததாகச் சொன்னாள், பையில் ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூட இல்லை. காப்பி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "சவுரி ஒண்ணு கட்டிக் குடு அத்தே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனுக்கு இன்னாத்துக்குமே சவுரி? முடி இடுப்புக்குக் கீய கீது!" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அத வெட்டிட்டுக் கட்டிக் குடு. இஸ்தா கையோட வந்துடற சவுரி நீ கட்டுவியாமே. பக்கத்து வூட்டு அக்கா சொல்லிச்சி" என்றாள். கண்ணு, இழுத்தால் கையோடு கழன்று வருகிற அந்தச் சவுரியை யார் கேட்பார்கள், எதற்குக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. அவளை வெளிச்சத்துக்கு இழுத்து உட்காரவைத்துத் தலையைப் பிரித்துப் பார்த்தேன். வலது காதுக்குப் பின்னால் அரையணாக் காசு அகலத்துக்கு முடி இல்லை. தோல் பிய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பிடரியில் இன்னொரு இடம், பழசு, பூனை மயிர் மாதிரி புதுசாக முளைத்துக்கொண்டிருந்தது. "எத்தினி நாளா?" என்றேன். ஆடியிலிருந்து என்றாள். எதற்கு அடித்தான் என்று கேட்டேன். அவள் யோசித்தாள். "மொத தபா கொயம்பு ஆறிப்போச்சின்னு... இல்ல, அது ரெண்டாந்தபா..." என்று விரல் மடக்க ஆரம்பித்தாள். போதும் நிறுத்து என்றேன். தை மாதம் கல்யாணம். ஐப்பசிக்குள் காரணம் மறந்துபோகிற அளவுக்கு அடித்திருக்கிறாய். அந்தத் தலை மறுபடியும் உன் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதுதான் இப்போது என் கவலை. மற்றதெல்லாம் பிறகு.

நான் சவுரி கட்டியதை நீ பார்த்தே வளர்ந்தாய், ஆனால் ஆண்பிள்ளைகள் எதையும் பார்ப்பதில்லை என்பதால் சொல்கிறேன். தலை வாரும்போது உதிர்கிற முடியைப் பெண்கள் எறிவதில்லை. சுருட்டி ஓலைக்கூரையிலோ சுவர்ப் பொந்திலோ செருகிவைப்பார்கள். வருஷக்கணக்கில் சேர்ந்ததைத் துணியில் முடிந்து என்னிடம் கொண்டுவருவார்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, நிழலில் காயவைத்து, பலகையில் அடித்த ஆணிகளுக்கு நடுவே இழுத்து இழுத்துச் சிக்கெடுக்க வேண்டும். வேர்ப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்று விரலால் உருவிப் பார்த்து ஒரே பக்கமாக அடுக்க வேண்டும். தலைகீழாக ஒன்று கலந்தாலும் மறுநாளே சடை விழும். பிறகு கால் கட்டைவிரலில் கறுப்பு நூலை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து முடியாக அந்த நூலில் கோத்து முடிந்து, அதைச் சுருட்டி மூன்று கால் ஆக்கி, தலைப்பில் சேர்த்துக் கட்டினால் சவுரி. ஒருத்தி முடியை இன்னொருத்தி சவுரியில் கலக்கமாட்டேன். அந்த நியாயம் என்னிடம் உண்டு. சாதாரணச் சவுரியைச் சொந்த முடியோடு சேர்த்துப் பின்னினால் ஆடி விழுந்தாலும் கழன்று வராது.

இன்னொரு சவுரியை நான் எனக்காகத்தான் முதலில் கட்டினேன். குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியாகி, பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்த வருஷம். உனக்கு ஐந்து வயது. உன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கப்பல் வராத நாளில் கோபம் வரும். கப்பல் வந்தால் உடம்பு வலி, அதற்கும் கோபம் வரும். அவர் கன்னத்தில் அறைகிற ரகம் இல்லை. பின்னலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுப்பார். நான் மல்லாந்து விழுவேன். வாசற்படியிலிருந்து அடுப்படிவரை அப்படியே இழுத்துப் போவார். ஒருநாள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தோள் வெந்துபோயிற்று. அந்தப் புண் ஆறியதும் கத்தரியை எடுத்து என் முடியைக் கழுத்தோடு வெட்டினேன். அதையே சவுரியாகக் கட்டினேன். மிச்ச முடியைப் பிடரியில் சின்னதாகச் சுருட்டி, அதன்மேல் சவுரியை ஒரு நாடாவால் வைத்து, பாவாடை நாடாவுக்குப் போடுகிற உருவு முடிச்சாகக் கட்டி, நாடாவின் நுனியைச் சவுரியோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். சவுரியை இழுத்தால் நுனி இழுபடும், முடிச்சு அவிழும், சவுரி கையோடு போய்விடும், நான் வெளியே ஓடிவிடலாம். அவ்வளவுதான் வித்தை.

நாலே நாளில் வேலைக்கு வந்தது. அவர் சுற்றினார், இழுத்தார், நான் விழவில்லை. அவர்தான் பின்னால் சாய்ந்து தண்ணீர்ப் பானைமேல் விழுந்தார். கையில் ஒரு முழம் பின்னல். "இன்னாடி இது! இன்னாடி இது!" என்று அலறினார். என் தலையே கழன்றுவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்திருப்பார் போலிருக்கிறது. மூலையில் உட்கார்ந்திருந்த நீ கைதட்டிச் சிரித்தாய். அந்த இடத்தில்தான் நான் தப்புச் செய்தேன். நீ பயப்படக் கூடாது என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பா அம்மா பின்னலைப் பிடிக்கிற விளையாட்டு என்று உனக்குச் சொன்னேன். அன்றிலிருந்து நீயும் ஆடினாய். பின்னால் பூனை மாதிரி வந்து இழுப்பாய், சவுரி உன் கையில் வரும், நான் ஐயோ என்று பொய்யாக விழுவேன், நீ வயிறு வலிக்கச் சிரிப்பாய். ஒருநாளைக்கு ஐந்து தடவை, பத்துத் தடவை. அப்பா என்னை உண்மையாக அடிக்கும்போதும் நீ அதே சிரிப்பைச் சிரித்தாய். அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்புவாயா? பிள்ளை அழவில்லையே, அது போதும் என்று இருந்தேன். அழவிட்டிருக்க வேண்டும். பார்த்துப் பயந்து, வாந்தியெடுத்து, அப்பாவை வெறுத்திருந்தாலும் பரவாயில்லை. பெண்பிள்ளை முடியைப் பிடித்து இழுத்தால் அவள் சிரிப்பாள் என்று உன் கைக்குப் பழக்கியது நான்.

சேதி பரவியது. பெண்கள் தேடி வந்தார்கள். முடி இல்லாதவர்கள் இல்லை, இடுப்பைத் தாண்டிய முடி உள்ளவர்கள். பட்டப்பகலில் அவள் அவள் முடியை வெட்டி அவள் அவள் தலையிலேயே கட்டி அனுப்பினேன். வெற்றிலை பாக்கோ இரண்டு மத்தி மீனோ வைத்துவிட்டுப் போவார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஊர்ப் பெண்களைக் காப்பாற்றுகிறவள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி வீட்டுப் பூங்காவனம் உனக்கு நினைவிருக்கும், உனக்குக் கொடுக்காப்புளி பறித்துத் தருவாள். அவள் புருஷன் கட்டைவண்டி ஓட்டுகிறவன். மாட்டுக்குப் போடுகிற அடியில் பாதி இவளுக்கும் விழும். "யக்கா, எனுக்கும் அத்த ஒண்ணு கட்டுக்கா" என்று வந்தாள். கட்டினேன். ஒரு தடவை தப்பினாள். அவன் கையில் பின்னலோடு தெருவில் நின்றான், சந்தே வேடிக்கை பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் குழாயடியில் பூங்காவனமும் நாங்கள் ஏழெட்டுப் பேரும் குடத்தோடு வரிசையில் நின்றோம். அவன் வந்தான். அவள் மறுபடி கட்டியிருந்த பின்னலை முதலில் பிடுங்கி எறிந்தான். "பொய் மசிரு காட்டி ஏமாத்துவியா? நெச மசிரு எங்க கீதுன்னு எனுக்குத் தெரியாது?" என்று சொல்லிக்கொண்டே, கீழே சுருட்டி வைத்திருந்த குட்டை முடிக்குள் ஐந்து விரலையும் விட்டான். குட்டை முடி கையில் நன்றாகப் பிடிபடும், கண்ணு. அது எனக்குத் தோன்றவே இல்லை. குழாயடிச் சிமெண்டு விளிம்பில் அவள் தலையை இடித்தான். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது. நாங்கள் அத்தனை பேரும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றோம். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரத்தம் தண்ணீரோடு போய் என் குடத்தடியில் தேங்கியது. போலீஸ் வந்து கேட்டபோது பாசி வழுக்கி விழுந்துவிட்டாள் என்று முதலில் ஒருத்தி சொன்னாள். மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள், தாயும் செத்துவிட்டாள், அவனும் உள்ளே போனால் யார் சோறு போடுவார்கள் என்று அவளுக்கு எண்ணம். அடுத்தவள் தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன். என் கையால் கட்டிய சவுரி சாக்கடையோரம் நனைந்து கிடந்தது, அதைக் காலால் மறைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

அன்றோடு அந்தச் சவுரியை யாருக்கும் கட்டுவதில்லை என்று நிறுத்தினேன். அது ஒருமுறைதான் காப்பாற்றும், ஏமாந்தவன் அடுத்த முறை இரண்டு பங்கு வெறியோடு வருவான். என் வீட்டிலும் ஒருமுறை முடிந்துவிட்டது. உன் அப்பா அதன்பிறகு உதைத்தாலும் பின்னலைத் தொடவில்லை, மறுபடியும் எப்போது தொடுவார் என்று தினமும் காத்திருந்தேன். காத்திருந்து அலுத்துப்போய், குப்பத்தில் கிழங்கான் மீனுக்குப் போடுகிற சின்னத் தூண்டில் முள் ஒரு பொட்டலம் வாங்கினேன். என் முடி இதற்குள் தோளுக்கு வளர்ந்திருந்தது. புதுச் சவுரி ஒன்றை எடுத்து, அவர் கை வழக்கமாகச் சுற்றுகிற இடம் பார்த்து, முள் மேல்பார்த்து நிற்கும்படி ஒன்பது முள்ளை வைத்துத் தைத்தேன். கீழே இழுக்கிற கைக்கு முள் எதிரே நிற்க வேண்டும் அல்லவா? இந்தத் தடவை நாடா முடிச்சு இல்லை. சொந்த முடியோடு சேர்த்துக் கெட்டியாகப் பின்னினேன். முள் தெரியாமல் கனகாம்பரம் சுற்றினேன். பதினொரு நாள் குப்புறப் படுத்துத் தூங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். எதற்கு ஆரம்பித்தது என்று எனக்கும் இப்போது நினைவில்லை. வசந்தா மாதிரிதான். அவர் சுற்றினார், இழுத்தார். பிறகு கேட்ட சத்தத்தை ஒரு ஆண்பிள்ளை வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. கையை உதறப் பார்த்தார். உதற உதற முள் ஆழமாக இறங்கியது. எனக்குத் தலைத்தோலே உரிவது போலிருந்தது. நான் யோசிக்காமல் விட்டது இதுதான். அவர் கை என் தலையோடு மாட்டிக்கொண்டது. அவரால் விடமுடியாது, என்னால் ஓடமுடியாது. கத்தரி டிரங்குப் பெட்டியில் இருந்தது. நாலு அடி தூரம். இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு, நான் முன்னால், அவர் குனிந்தபடி பின்னால், ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பேரும் கத்திக்கொண்டு நடந்தோம். "இன்னாடி வெச்சிக்கினு கீற தலையில?" என்று அழுதார். "தூண்டி முள்ளு" என்றேன். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். இரத்தம் என் முதுகில் சூடாக இறங்கியது. அவருடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "பூங்காவனத்துக்கோசரமா?" என்று கேட்டார். "இல்ல, எனுக்கோசரம்" என்றேன். பிறகுதான் கத்தரியை எடுத்தேன்.

தூண்டில் முள்ளைப் பின்னால் இழுத்து எடுக்க முடியாது. சதையைத் துளைத்து முன்னால் தள்ளி, நுனியைக் குறடால் வெட்டிவிட்டுத்தான் உருவ வேண்டும். ஒன்பதில் நாலு முள் அவர் கையில் ஏறியிருந்தது. நானே எடுத்தேன். ஒரு மாதம் அவருக்குக் கை கூடவில்லை, நான்தான் சோறு பிசைந்து ஊட்டினேன். அந்தத் தழும்புகளைத் துறைமுகத்தில் மூட்டைக்கொக்கி கிழித்தது என்று உனக்குச் சொன்னோம். நீயும் அப்பா கையைச் சிநேகிதர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டாய். பொய்யைக் காட்டி உன்னை வளர்த்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். அவர் அதன்பிறகு பத்து வருஷம் உயிரோடிருந்தார், ஒருநாளும் என்மேல் கை வைக்கவில்லை. திருந்தினார் என்று நான் சொல்லமாட்டேன். பயந்தார். ஆனால் ஒருநாள் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "தலைய அமுக்கி வுடட்டுமா?" என்றார். கேட்டார் பார். அந்த ஒரு கேள்விக்காக நான் அவர்மேல் வைத்திருந்த வெறுப்பில் பாதியை விட்டுவிட்டேன். ஒரு ஆண்பிள்ளை பெண்சாதியைத் தொடுவதற்குமுன் கேட்பதில் அவன் கௌரவம் ஒன்றும் கரைந்துவிடாது. உனக்கு நான் சொல்லிக் கொடுக்காமல் விட்டது அது ஒன்றுதான், ஆனால் அதுதான் எல்லாம்.

வசந்தாவை இங்கேயே இரு என்றேன். உன் வீட்டுப் படியை மிதிக்க வேண்டாம், நான் கஞ்சி ஊற்றுகிறேன் என்றேன். ஐந்து நாள் இருந்தாள். ஆறாம் நாள், "நான் போறேன் அத்தே. அது என் வூடு. நான் இன்னாத்துக்கு ஓடணும்?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. அவள் முடியை நானே வெட்டினேன். இரண்டு நாள் உட்கார்ந்து சவுரி கட்டினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கே வருவாள். இடுப்புவரை பின்னல் தொங்கும், பழைய பின்னலுக்கும் இதற்கும் உனக்கு வித்தியாசம் தெரியாது. நாடா முடிச்சா, கெட்டிப் பின்னலா, உள்ளே என்ன இருக்கிறது, ஒன்றுமே இல்லையா என்று நான் எழுதப்போவதில்லை. அது அவளுக்கும் எனக்கும் தெரியும். தவறு நடந்தால் இந்தத் தடவை பாசி வழுக்கியது என்று தலையாட்டமாட்டேன், ஸ்டேஷன் வாசலில் போய் உட்காருவேன். அதையும் எழுதியே வைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உன் கல்யாணப் பந்தியில் எல்லாரையும் சிரிக்கவைக்க, "எங்கம்மா ஒரே ஒரு தபாதான் என்னைய அட்ச்சிது, அதுவும் காரணமே இல்லாம" என்று சொன்னாய். காரணம் இருந்தது, கண்ணு. முள்ளைத் தைத்துக்கொண்டு திரிந்த அந்தப் பதினொரு நாளில் ஒரு சாயங்காலம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து, வழக்கம்போல விளையாட்டு என்று பின்னாலிருந்து என் பின்னலுக்குக் கையை நீட்டினாய். நான் திரும்பி உன் கன்னத்தில் விட்ட அறையில் நீ சுவரில் போய் மோதினாய். உதடு கிழிந்தது. ராத்திரிவரை ஏன் அடித்தாய் என்று கேட்டுக் கேட்டு அழுதாய். உன் சின்ன விரல்கள் ஐந்தும் முழுசாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பதில் சொல்லவில்லை.

இப்போது பதில் சொல்லிவிட்டேன். நீ என் ஒரே பிள்ளை. உன் கை கிழிந்தால் எனக்கு வலிக்கும். உன் அப்பாவுக்கு ஊட்டிய மாதிரி உனக்கும் வந்து சோறு ஊட்டுவேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கையை நீட்டினால், தட்டிவிட நான் அங்கே இருக்கமாட்டேன்.

உன் அம்மா